பதின்மூன்றாவது நாற்காலி: என் ஜூரி ட்யூட்டி அனுபவம்

எங்கள் அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு. மூன்று தலைமுறையாக நம் குடும்பத்தில் யாரும் கோர்ட் படி ஏறியதில்லை என்பார். ஒருமுறை வரப்புத் தகராறு வந்தபோதுகூட இரண்டு முழத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தாரே தவிர, வக்கீலைப் போய்ப் பார்க்கவில்லை. அந்த மனிதரின் பெயரைக் கலிபோர்னியாவில் ஒரு கோர்ட்டில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். எனக்கு இனிஷியல்தான் இருந்தது. பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயர் லாஸ்ட் நேம் ஆகிவிட்டது. "மிஸ் சுப்பையா" என்று கிளார்க் கூப்பிட்டதும் எழுந்து நின்றது நான்தான். ஆனால் மனசுக்குள் அருப்புக்கோட்டைப் பக்கத்துத் திண்ணையிலிருந்து அப்பா பதறி எழுந்துகொண்டிருந்தார்.

ஜூரி என்றால், வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லக் கோர்ட் கூப்பிடும் சாதாரணக் குடிமக்கள். அதற்கு வரச் சொல்லும் கடிதம், ஜூரி சம்மன்ஸ், எனக்கு முதலில் வந்தது 2011ல், ஹெச்1பி வேலை விசாவில் இருந்தபோது. பயந்துவிட்டேன். இப்போது ஏன் என்று புரிகிறது. இங்கே வாக்காளர் பட்டியலோடு, டிஎம்வி என்ற வாகன லைசென்ஸ் துறையில் லைசென்ஸோ ஐடியோ வாங்கியவர்களின் பட்டியலையும் சேர்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். 2022லிருந்து மாநில வருமான வரி தாக்கல் செய்கிறவர்களையும் சேர்த்துவிட்டார்கள். அதனால் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் கடிதம் வந்து சேர்கிறது. அப்படி வந்தால் குப்பையில் போடாதீர்கள். 'நான் அமெரிக்கக் குடிமகன் இல்லை' என்ற கட்டத்தில் டிக் செய்து திருப்பி அனுப்புங்கள், அவ்வளவுதான். விளையாட்டுக்குக்கூட 'குடிமகன்' என்று டிக் செய்துவிடக் கூடாது. குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்னது பின்னால் கிரீன் கார்டுக்கும் குடியுரிமைக்கும் பெரிய வினையாக வந்து நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் 'போய்ப் பார்த்தால் நல்ல அனுபவம்தானே' என்று கிளம்பப் பார்த்தான். பிடித்து உட்கார வைத்தோம்.

இன்னொன்று. "நீங்கள் ஜூரி ட்யூட்டிக்கு வரவில்லை, உங்கள் பேரில் வாரன்ட் இருக்கிறது, உடனே கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல்லுங்கள்" என்று போன் வந்தால் அது மோசடி. எந்தக் கோர்ட்டும் அபராதத்தைக் கிஃப்ட் கார்டில் வாங்காது. என் மாமியாருக்கே அப்படி ஒரு போன் வந்தது. அவருக்கு ஆங்கிலம் அரைகுறை என்பதால் தப்பித்தார்.

குடியுரிமை வாங்கிய பிறகு வந்த சம்மன்ஸ் மார்ச் மாதம் வந்தது. நான் கணக்கர் வேலை பார்க்கிறேன். மார்ச்சில் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. இணையத்திலேயே ஜூன் மாதத்துக்குத் தள்ளி வைத்துக்கொண்டேன், யாரும் காரணம் கேட்கவில்லை. தப்பிக்க வழி தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தள்ளி வைப்பது சுலபம், உங்களுக்கு வேலை குறைவான வாரமாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பதில் போடாமல் விட்டால் அபராதம் 1,500 டாலர் வரை போகலாம்.

வாட்ஸ்ஆப் குழுவில் சொன்னதும் யோசனைகள் வந்து குவிந்தன. "போலீஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லுங்க, உடனே அனுப்பிருவாங்க." "இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லிருங்க." இருபது வருடமாக ஆங்கிலத்தில் ஆடிட் ரிப்போர்ட் எழுதுகிறவள் சத்தியம் செய்துவிட்டு அப்படிச் சொல்ல முடியுமா? உண்மையிலேயே ஆங்கிலம் போதாதவர்களுக்கு விலக்கு உண்டு. மாமியாருக்கு அப்படித்தான் வாங்கினோம். எழுபது வயது தாண்டியவர்கள் உடல்நலத்தைக் காட்டி டாக்டர் கடிதம் இல்லாமலே விலக்குக் கேட்கலாம். வயதை மட்டும் வைத்து யாரையும் தானாக விட்டுவிடுவதில்லை.

அந்த மாமியார்தான் ஜூரி என்ற வார்த்தையைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். "எங்க பாகவதரை உள்ள தள்ளினதே இந்த ஜூரிதான்." அவருடைய அப்பா தியாகராஜ பாகவதரின் வெறியர். 1944ல் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை, பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைது, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி வைத்து விசாரணை, ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947ல் இரண்டு பேரும் விடுதலை. அதற்குள் பாகவதரின் காலம் முடிந்துவிட்டிருந்தது. இதை மாமியார் நேற்று நடந்தது போலச் சொல்வார். நம் ஊரில் ஜூரி என்றதும் படித்தவர்களுக்கு ஞாபகம் வருவது 1959ன் நானாவதி வழக்கு, ஒரு கடற்படை அதிகாரி மேல் வந்த கொலை வழக்கு. பம்பாயில் ஜூரி எட்டுக்கு ஒன்று என்று நிரபராதி சொல்லி, உயர் நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்ட கதை. இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு அதுதான் என்று அடித்துச் சொல்வார்கள். அப்படியில்லை. அதற்குப் பிறகும் அங்கங்கே இருந்தது. 1973ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது.

அலுவலகத்தில் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் வேறு விதமாகச் சொன்னாள். "ரவிராஜ் கொலை வழக்கு முடிஞ்ச நாளிலிருந்து ஜூரி எண்டாலே எனக்கு மனசு விட்டுப்போச்சு அக்கா." ரவிராஜ் இலங்கையின் தமிழ் எம்.பி. 2016 டிசம்பரில், கொழும்பில், சிங்கள ஜூரி குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரையும் விடுவித்த வழக்கு அது. அவளுக்கு என்ன பதில் சொல்வது? யார் அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள் என்பதுதான் எல்லாம் என்று தோன்றியது. அந்த எண்ணத்தோடுதான் போனேன்.

ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். தினமும் மாலை ஐந்து மணிக்கு மேல் இணையதளத்தில் நம் குழு எண்ணைப் பார்க்க வேண்டும். திங்கள் தேவையில்லை, செவ்வாய் தேவையில்லை. இந்த வாரம் தப்பித்தோம் என்று இட்லிக்கு ஊறப்போட்ட பிறகு பார்த்தால், புதன் காலை எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தது.

வாசலில் விமான நிலையம் மாதிரி சோதனை. என் எவர்சில்வர் டிபன் டப்பா எக்ஸ்ரே திரையில் கறுப்பு உருண்டையாகத் தெரிந்திருக்க வேண்டும். திறக்கச் சொன்னார்கள். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். காவலர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்குச் சாப்பாடு?" என்றார். மாம்பழம் நறுக்க வைத்திருந்த சின்னக் கத்தியை மட்டும் வாங்கிக்கொண்டார். ஆகவே பிளாஸ்டிக் டப்பா, பழம் நறுக்கியே எடுத்துப்போங்கள். ஒரு ஸ்வெட்டர் அவசியம். ஜூன் மாதத்திலும் உள்ளே ஊட்டிதான். கோர்ட் அறைக்குள் போனைத் தொடக் கூடாது, அதனால் ஒரு புத்தகமும் வேண்டும். நான் புத்தகம் எடுத்துப் போகாமல், சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்புக் குறிப்பை மூன்று முறை படித்தேன்.

அறுபது பேரை மேலே கூட்டிப்போனார்கள். நீதிபதி வழக்கைச் சொன்னார்: குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக ஓர் ஆள் மேல் இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, போதையில் வண்டி ஓட்டும் திறன் குறைந்திருந்தது. இரண்டு, ஓட்டும்போது ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. இது எனக்குப் புரிய நான்கு நாள் ஆனது.

முதலில் கஷ்டம் உள்ளவர்களைக் கேட்டார்கள். விமான டிக்கெட் எடுத்தவர், படுக்கையில் இருக்கும் தாயைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர், வேலைக்கு வராவிட்டால் சம்பளம் கிடையாது என்பவர். பெரும்பாலானவர்களை விட்டுவிட்டார்கள். இங்கே ஜூரிக்குப் போனதற்காக வேலையை விட்டுத் தூக்கக் கூடாது, ஆனால் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. கலிபோர்னியா கோர்ட் தருவது இரண்டாம் நாளிலிருந்து நாளுக்கு 15 டாலர். மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டில் 50. உங்கள் கம்பெனி எத்தனை நாளுக்குச் சம்பளம் தரும் என்று போவதற்கு முன்பே ஹெச்ஆரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் வருகைச் சான்றிதழ் வாங்க மறக்காதீர்கள்.

அப்புறம்தான் வேடிக்கை. பதினெட்டுப் பேரை முன்னால் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். என்ன வேலை, வீட்டில் யார் போலீஸில், யாராவது குடிபோதை விபத்தில் அடிபட்டதுண்டா, நீங்கள் குடிப்பீர்களா. மருத்துவமனையில் போலீஸுக்காக ரத்தம் எடுக்கும் நர்ஸ் இருந்தார், அனுப்பிவிட்டார்கள். பார் நடத்துகிறவர், நன்றி சொல்லி அனுப்பப்பட்டார். ரோந்து போலீஸ்காரரின் மனைவியும் போனார். ஆல்கஹால் சென்சார் வடிவமைத்த எஞ்சினியர் ஒருவர் கண்கள் மின்ன உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் முதலில் அனுப்பினார்கள். வழக்கைப் பற்றி எதுவும் தெரியாத நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து இதற்கு நேர் எதிர். வேப்ப மரத்தடியில் உட்காரும் என் பெரிய தாத்தாவுக்கு இரண்டு தரப்பையும் தெரியும். யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், யார் பொய் சொல்லும்போது மூக்கைச் சொறிவார், எல்லாம் தெரியும். தெரிந்தவர் என்பதால்தான் அவர் பேச்சுக்கு மதிப்பு. தெரிந்தவர் என்பதாலேயே அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதும் ஊருக்கு முன்கூட்டியே தெரியும், அது வேறு கதை. இங்கே தெரிந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தெரியாதவர்களிடம் பென்சிலும் நோட்டும் கொடுக்கிறார்கள். இது என்ன நியாயம் என்று எனக்கு அன்று புரியவில்லை.

என் முறை வந்தது. சித்தப்பா மகனை 2006ல் மதுரை ரோட்டில் குடித்திருந்த லாரி டிரைவர் இடித்ததைச் சொன்னேன். இன்றும் தம்பி வலது காலை இழுத்துத்தான் நடப்பான். "அதைத் தள்ளி வைத்துவிட்டு இந்த வழக்கை மட்டும் பார்க்க முடியுமா?" என்றார் நீதிபதி. "முயற்சி செய்கிறேன்" என்றேன். "முயற்சி போதாது. முடியுமா, முடியாதா?" அறையே என்னைப் பார்த்தது. கொஞ்ச நேரம் யோசித்தேன். இந்த ஆள் அந்த டிரைவர் இல்லை. "முடியும்."

எதிர்த்தரப்பு வக்கீல், குடிப்பவர்கள் மேல் எனக்கு வெறுப்பு உண்டா என்று கேட்டார். "நான் குடித்ததில்லை. ஆனால் எங்கள் மாநிலத்தில் சாராயக் கடையை அரசாங்கமே நடத்துகிறது. வெறுக்க ஆரம்பித்தால் யாரை வெறுப்பது?" என்றேன். நீதிபதி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவர் கேட்ட இன்னொரு கேள்வியில்தான் பாதிப்பேர் தடுமாறினார்கள்: "இப்போதே, இந்த நிமிடமே தீர்ப்புச் சொல்லச் சொன்னால் என்ன சொல்வீர்கள்?" "இன்னும் எதுவும் கேட்கவில்லையே, எப்படிச் சொல்வது?" என்றார் என் பக்கத்து மனிதர். சரியான பதில் 'குற்றவாளி இல்லை' என்பது. இன்னும் யாரும் எதையும் நிரூபிக்கவில்லை அல்லவா? கேட்டதும் எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் நம் மனசு கூண்டில் நிற்கிறவனைப் பார்த்ததுமே, 'நெருப்பில்லாமல் புகையுமா' என்று ஆரம்பித்துவிடுகிறது.

பன்னிரண்டு பேர் தேர்வானார்கள். அடுத்து இரண்டு ஆல்டர்னேட். அதில் முதல் ஆள் நான். பதின்மூன்றாவது நாற்காலி. யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் அந்த இடத்தில் உட்காருவதற்கு. என்னை ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்டால், ஆல்டர்னேட் இடத்துக்காக இரண்டு வக்கீல்களுமே பெரிதாக மெனக்கெடவில்லை என்பதுதான் என் கணிப்பு. கல்யாண வீட்டில் சமையலுக்குக் கூப்பிட்டுவிட்டு, பரிமாறும்போது வெளியே நிற்கச் சொல்வது போன்ற வேலை அது. எல்லாச் சாட்சியத்தையும் கேட்க வேண்டும், குறிப்பெடுக்க வேண்டும், முடிவு சொல்லும் அறைக்குள் மட்டும் போகக் கூடாது.

நீதிபதி போட்ட கட்டுப்பாடு: யாரிடமும், வீட்டுக்காரரிடம்கூட, பேசக் கூடாது. இணையத்தில் தேடக் கூடாது. சம்பவ இடத்தைப் போய்ப் பார்க்கக் கூடாது. அந்த இடமோ நான் தினமும் அலுவலகம் போகும் வழி. அந்த வாரம் முழுக்க வேறு சாலையில் போனேன், பத்து நிமிடம் அதிகம். வீட்டில் இவர் ஒவ்வொரு இரவும், "கொலையா? கொள்ளையா? தலையை மட்டும் ஆட்டு" என்பார். ஆட்டவில்லை.

சாட்சியம் தொடங்கியது. இரவு 11.31க்கு வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். பின் விளக்கு எரியவில்லை, ஒருமுறை கோட்டைத் தாண்டியது. மதுவாடை. "இரண்டு பீர்" என்றிருக்கிறான். ஒரு கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட ஒன்பது அடி நடந்து, திரும்பி ஒன்பது அடி வரச் சொன்னார்கள். வீடியோவில் பார்த்தோம். திரும்பும்போது ஒரு தடுமாற்றம், மற்றபடி நான் நடப்பதைவிட ஒழுங்காகவே நடந்தான். ஸ்டேஷனில் 12.24க்கு ஊதியபோது 0.09. 12.27க்கு 0.08.

ஜூரர்கள் சாட்சியிடம் கேள்வி கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. நேராகக் கேட்க முடியாது, தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். நீதிபதியும் வக்கீல்களும் கிசுகிசுத்துவிட்டு, சரி என்றால் நீதிபதியே வாசிப்பார். ஆல்டர்னேட்டும் கொடுக்கலாம். நான் எழுதியது: 'அவர் என்ன செருப்பு போட்டிருந்தார்? அந்தச் சாலை ஓரம் சரிவா, சமமா?' நீதிபதி வாசித்தார். போலீஸ்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கவ்பாய் பூட்ஸ் என்றார். சரிவு ஞாபகம் இல்லை என்றார்.

வழக்கைத் திருப்பியது ஒரு ஓட்டல் பில். இரண்டு பீர், கடைசியில் ஒரு விஸ்கி. விஸ்கி ஆர்டர் செய்த நேரம் 11.14. பணம் கட்டியது 11.22. ஆக, "இரண்டு பீர்" என்றது பொய். ஆனால் அந்தப் பொய்தான் அவனுக்குச் சாதகமாக வந்தது. அரசுத் தரப்பு ஆய்வக நிபுணரிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: குடித்தது முழுக்க ரத்தத்தில் ஏற எவ்வளவு நேரம்? அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம், சாப்பாட்டைப் பொறுத்தது. அப்படியென்றால் வண்டி ஓட்டிய 11.31ல் அளவு இன்னும் ஏறிக்கொண்டிருந்திருக்கலாமா? இருக்கலாம். 0.08க்குக் கீழே இருந்திருக்கலாமா? இருக்கலாம். அரசு வக்கீல் எழுந்து, மேலேயும் இருந்திருக்கலாம்தானே என்றார். அதற்கும் இருக்கலாம் என்றார் நிபுணர். ஊதுவதற்கு முன் பதினைந்து நிமிடம் ஆளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. வீடியோவில் அந்தப் பதினைந்தில் பாதி நேரம் அதிகாரி முதுகைக் காட்டிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

கடைசியில் நீதிபதி சட்டத்தை வாசித்தார். தூங்க வைக்கும் என்று நினைத்தேன், அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மறைமுகச் சாட்சியத்துக்கு அவர் சொன்ன உதாரணம்: ஒருவர் மழைக்கோட்டில் நீர்த்துளிகளோடு உள்ளே வந்தார் என்று சாட்சி சொன்னால், வெளியே மழை பெய்தது என்று முடிவு செய்யலாம். அப்புறம், வண்டி ஓட்டி மூன்று மணி நேரத்துக்குள் எடுத்த சோதனையில் 0.08 இருந்தால், ஓட்டும்போதும் அவ்வளவு இருந்தது என்று நீங்கள் கொள்ளலாம், கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் என்றால் என்ன? குற்றச்சாட்டு உண்மை என்று நிலைத்து நிற்கும் உறுதி. நாளைக் காலையும் அடுத்த மாதமும் எழுந்து பார்த்தால் மாறாமல் இருக்கிற உறுதி என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டு பேரும் உள்ளே போனார்கள். எங்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கூப்பிட்டால் அரை மணியில் வர வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். கை மட்டும்தான் வைத்தது, உப்புப் போட மறந்துவிட்டேன். முடிவு சொல்லும் பொறுப்பு இல்லை என்பது நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால், ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் காலை பத்தே காலுக்குப் போன். ஐந்தாம் நம்பருக்கு உடம்பு முடியவில்லை, வாருங்கள்.

நான் போய் உட்கார்ந்ததும் நீதிபதி எல்லோருக்கும் சொன்னார்: நேற்றுப் பேசியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். பதினொரு முகங்களும் விழுந்துவிட்டன. முக்கால்வாசி முடித்த கோலத்தின் மேல் மாடு நடந்தது போல நான் உள்ளே நுழைந்தேன். ஜூரித் தலைவி ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். வெள்ளைப் பலகையில் இருந்த எழுத்துகளை அழித்தார். துணி காய்ந்திருந்ததால் சரியாக அழியவில்லை. 9 என்றும் 3 என்றும் மங்கலாகத் தெரிந்தது. எது எந்தப் பக்கம் என்று தெரியாது. நான் வேண்டுமென்றே பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அதைக் கவனித்த அவர், தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துத் துணியை நனைத்து மறுபடி துடைத்தார். அந்த அறையில் நான் மறக்காத காட்சி அதுதான்.

முதல் குற்றச்சாட்டு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. வீடியோவை இரண்டு முறை பார்த்தோம். போதையில் தள்ளாடும் ஆள் அதில் இல்லை. குற்றவாளி இல்லை, பன்னிரண்டு பேரும்.

இரண்டாவதில் நான் முதலில் கையைத் தூக்கியது 'குற்றவாளி' என்ற பக்கம். எண் என்றால் எண்தானே என்ற கணக்கர் புத்தி. சாப்பாட்டு இடைவேளையில் வறுவலைக் கொறித்துக்கொண்டே நோட்டைப் புரட்டினேன். ஒரு க்ளையன்ட் மார்ச் 31ம் தேதி கணக்கில் எவ்வளவு பணம் இருந்தது என்று கேட்டால், ஏப்ரல் 2ம் தேதி பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் காட்டிக் கையெழுத்துப் போடுவேனா? இடையில் ஒரு பெரிய செக் வரவாகியிருப்பது தெரிந்தும்? மாட்டேன். 11.14 விஸ்கிதான் அந்தச் செக். 12.24 எண்ணை வைத்து 11.31க்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். இதை அப்படியே சொன்னேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். டைல்ஸ் பதிக்கும் வேலை செய்யும் ஒருவர், "அவன் முதலில் பொய் சொன்னானே" என்றார். அதுவும் நியாயம்தான். அவன் பொய் சொன்னது எனக்கும் கடைசிவரை உறுத்தியது.

மறுநாள் மாலை வரை பேசினோம். பத்துக்கு இரண்டு. அந்த இரண்டு பேர் அசையவில்லை. முட்டாள்களும் இல்லை, முரடர்களும் இல்லை. மூன்று மணி நேர விதி எதற்கு இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. அசையத்தான் வேண்டும் என்று அவர்களை யாரும் நெருக்கவும் இல்லை. அதற்குத் தலைவிதான் காரணம். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை அடக்கிய அனுபவமாக இருக்கும், குரல் உயர்ந்தால் உடனே ஐந்து நிமிடம் இடைவேளை விட்டுவிடுவார். இங்கே கிரிமினல் வழக்கில் பன்னிரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது குற்றச்சாட்டில் முடிவில்லை என்று நீதிபதி அறிவித்தார். அரசுத் தரப்பு விரும்பினால் மறுபடி வழக்கு நடத்தலாம். நடத்தினார்களா என்று நான் பார்க்கவில்லை. இணையத்தில் தேடலாம், இப்போது தடையில்லை. ஏனோ தேடவில்லை.

வெளியே வக்கீல்கள் காத்திருந்தார்கள், எது எடுபட்டது என்று கேட்பதற்கு. பேசலாம், பேசாமலும் போகலாம், நம் விருப்பம். நான் செருப்பைப் பற்றி மட்டும் சொன்னேன். இங்கிலாந்தில் இருப்பவர்கள் ஜாக்கிரதை. அங்கே ஜூரி அறைக்குள் பேசியதை வெளியே சொல்வதே குற்றம். அங்கிருந்தால் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க முடியாது.

அந்த ஞாயிறு சித்திக்குப் போன் செய்தேன், தம்பியின் அம்மா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அவன் குடிக்கலைங்கிறியா?" என்றார்.

"குடிச்சான் சித்தி."

"வண்டி ஓட்டினானா?"

"ஓட்டினான்."

"அப்புறம் என்ன?"

ஐம்பது நிமிடம், விஸ்கி, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். தமிழில் சொல்லும்போது எனக்கே அது சால்ஜாப்பு மாதிரி கேட்டது. சித்தி ஒன்றும் சொல்லாமல் போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். அவன் விபத்து வழக்கில் சாட்சி சொல்ல ஏழு முறை கோர்ட்டுக்கு அலைந்தவன், ஏழிலும் வாய்தா. லாரி டிரைவரைப் பற்றியோ நான் விட்டுவிட்ட ஆளைப் பற்றியோ அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எத்தனை நாள்ல முடிஞ்சுச்சுக்கா?" என்றான்.

"ஆறு நாள்."

"ஆறே நாளா?" என்றான். பிறகு உள்ளே திரும்பி, "அம்மா, ஆறே நாள்ல முடிச்சிட்டாங்களாம்" என்று கத்துவது எனக்குக் கேட்டது.